பட்டி பூசினால் ஓட்டை அடைபடுமா?

கார் பட்டறை: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல, பெயிண்டுக்கு முந்திய வேலையைப் பற்றியவை. துரு ஓட்டை, கீறல், வெடித்த பம்பர் என்று ஆளுக்கொன்று கேட்டிருக்கிறார்கள். வீட்டிலேயே செய்துகொள்ள நினைப்பவர்களுக்கும், பட்டறையில் விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று பார்க்க விரும்புகிறவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறோம். கீழே வரும் உப்புத்தாள் எண்கள் தாளின் பின்புறம் அச்சடித்திருப்பவை. எண் கூடக்கூடத் தாள் மென்மையாகும். ஹார்டுவேர் கடையில் மலாயில் கெர்த்தாஸ் பாசிர் என்று கேட்டு எண்ணையும் சொல்லுங்கள்.

ஐயா, எங்களுடையது 2004ஆம் ஆண்டு கஞ்சில் கார். பின் டயருக்கு மேலே, வளைவு விளிம்பில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. இரண்டு முறை பட்டி போட்டுப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் சில மாதத்தில் அதே இடத்தில் கொப்புளம் கிளம்புகிறது. பட்டி சரியில்லையா, பெயிண்ட் சரியில்லையா?
— வாசகர், செந்தூல்

இரண்டின் மீதும் குற்றமில்லை. அந்த ஓட்டை உள்ளேயிருந்து வெளியே வந்தது. நீங்கள் வெளியேயிருந்து மூடுகிறீர்கள். பின் சக்கர வளைவில் வெளித் தகரமும் உள் தகரமும் விளிம்பில் ஒன்றாக மடிந்து சேரும். டயர் வாரியடிக்கும் சேறு அந்த மடிப்பில் அப்பிக்கொள்ளும். தினம் சாயங்காலம் மழை பெய்கிற ஊரில் அது முழுதாகக் காய்வதே இல்லை. துரு பின்பக்கம் ஆரம்பித்து, தகரத்தைத் தின்று முடித்த பிறகுதான் பெயிண்டில் கொப்புளமாகத் தெரியும். கொப்புளம் தெரியும் அன்றைக்கே அதன் பின்பக்கத்தில் தகரம் இருக்காது.

பட்டி என்பது பாலியெஸ்டர் பிசினில் டால்க் மாவு கலந்த சாமான். பெயிண்ட் மூடாத பக்கத்தில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓட்டைக்குப் பின்னால் செய்தித்தாளையோ வலையையோ திணித்து முன்னால் பட்டி அப்பினால், பட்டியின் முதுகு எப்போதும் நனைந்தே இருக்கும். அதைச் சுற்றியுள்ள தகரம் இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். பட்டி வளைந்த தகரத்தைச் சமன் செய்யத்தான். இல்லாத தகரத்துக்கு ஈடாகாது.

செய்ய வேண்டிய வேலை இது. முதலில் ஓட்டையின் உண்மையான அளவைக் கண்டுபிடியுங்கள். சுற்றிலும் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டினால் நல்ல தகரம் கணீரென்று பேசும், கெட்டது மொத்தென்று அமுங்கும். சந்தேகமான இடத்தில் கூர்மையான ஊசியால் குத்திப் பாருங்கள். விரல் அளவு ஓட்டை கடைசியில் உள்ளங்கை அளவாக விரிந்தால் அதிர்ச்சியடைய வேண்டாம், வழக்கமே அதுதான். அந்தப் பகுதிப் பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியும் துருவைத் தாண்டி இன்னும் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை, பளிச்சென்ற கெட்டித் தகரம் வரும் இடத்தில் வெட்டுங்கள். இங்கே கஞ்சத்தனம் காட்டினால் முழு வேலையும் வீண். வெல்டிங் வைக்கும்போது மெலிந்த தகரம் உருகி ஓடி, ஓட்டை உங்கள் கண் முன்னாலேயே வளரும்.

வெட்டிய துவாரம் வழியாக டார்ச் அடித்து உள் தகரத்தைப் பாருங்கள். சேறு இருந்தால் முழுவதும் வெளியே எடுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் காய வையுங்கள். உள் தகரமும் ஓட்டையென்றால் அதைத்தான் முதலில் அடைக்க வேண்டும். வெளியே மட்டும் அடைத்துவிட்டுப் பெயிண்ட் அடிக்கும் பட்டறைகள் உண்டு. ஒரு வருடத்துக்கு அழகாக இருக்கும்.

ஒட்டுத் தகட்டுக்கு 0.8 மில்லிமீட்டர் சாதாரண இரும்புத் தகடு போதும். கார் உடல் தகரமே பெரும்பாலும் 0.7 முதல் 0.8தான். நாகம் (துத்தநாகம்) பூசிய கூரைத் தகடு வேண்டாம். வெல்டிங் சூட்டில் வரும் நாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், பற்றும் சரியாக இருக்காது. அட்டையில் அளவு வெட்டிப் பொருத்திப் பார்த்துவிட்டுத் தகட்டை வெட்டுங்கள். மூலைகளை வட்டமாக்குங்கள். தகட்டுக்கும் காருக்கும் இடையே சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும்.

வெல்டிங், கம்பி தானாக வரும் மிக் (MIG) மெஷினில், 0.6 மில்லிமீட்டர் கம்பியில். ஒரே இழுப்பாகக் கோடு போடாதீர்கள். 20, 25 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி, மேலே ஒன்று வைத்தால் அடுத்தது கீழே, பிறகு இடது, வலது. கை வைத்துப் பார்த்துச் சூடு ஆறிய பிறகு இடைவெளிகளை நிரப்புங்கள். அவசரப்பட்டால் மெல்லிய தகரம் வயிறு ஊதிக்கொள்ளும். அப்புறம் அதைக் கெத்தோக் பண்ணி, அதாவது சுத்தியலால் தட்டி, நிமிர்த்துவது தனி வேலை.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பின் வளைவுக்குப் பக்கத்தில் பெட்ரோல் நிரப்பும் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். அந்தப் பக்கமென்றால் இந்த வேலையை வீட்டில் செய்யாதீர்கள். மறுபக்கமாக இருந்தாலும் உள்ளேயுள்ள பஞ்சு, கார்ப்பெட், தகரத்தில் ஒட்டியிருக்கும் தார் அட்டை எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். தீயணைப்பு உருளையோடு இன்னொருவர் நிற்கட்டும்.

வெல்டிங் மேட்டை 60 அல்லது 80 எண் ஃபிளாப் டிஸ்க்கால் சமமாக்கி, உடனே துருவைத் தடுக்கும் எப்பாக்சி பிரைமர் அடியுங்கள். உள்பக்கத்துக்கும் அடிக்க வேண்டும், கை எட்டாத இடமென்றால் நீண்ட குழாய் முனையால். மடிப்பு விளிம்புக்கு, இடுக்கை அடைக்கும் சீம் சீலர். இதற்கு மேல்தான் பட்டி, அதுவும் 2, 3 மில்லிமீட்டருக்கு மிகாமல். பெயிண்ட் வேலை முடிந்து காய்ந்த பிறகு உள்ளறையில் கேவிட்டி மெழுகு பீய்ச்சுங்கள். பலரும் விட்டுவிடுகிற கடைசி வேலை அதுதான். வெல்டிங் சூட்டில் உள்பக்கப் பெயிண்ட் எரிந்துபோயிருக்கும். மெழுகு இல்லாவிட்டால் துரு மறுபடியும் அங்கிருந்தே வரும்.

வெல்டிங் இல்லாமல் முடியாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஃபைபர் துணியும் பிசினும் வைத்து உள்பக்கமிருந்து அடைக்கலாம், கொஞ்ச காலம் ஓடும். பழைய காரை இன்னும் ஓரிரு வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துவிடப் போகிறீர்கள் என்றால் அது நியாயமான முடிவு. ஆனால் கதவுக்கடியில் ஓடும் படித் தகரம், சஸ்பென்ஷன் ஏறும் இடம், சீட் பெல்ட் மாட்டும் இடம் ஆகிய மூன்றிலும் ஃபைபர் வைக்கவே கூடாது. அவை காரின் எலும்பு.

பட்டி கலக்கிக் கரண்டியில் எடுப்பதற்குள் கட்டியாகிவிடுகிறது. ஹார்டனரைக் குறைத்தால் மறுநாளும் பிசுபிசுக்கிறது. அளவு என்ன?
— வாசகர், செராஸ்

எடையில் 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹார்டனர் (பட்டியை இறுக வைக்கும் பசை). டப்பாவில் 1 முதல் 3 விழுக்காடு என்று போட்டிருக்கும். நம்மூர் வெயிலில் 2க்கு மேல் போக வேண்டாம். சமையலறைத் தராசு ஒன்றைப் பட்டறைக்கென்று ஒதுக்கிவிடுங்கள். கண் மதிப்பில் நசுக்கும் பழக்கத்தால்தான் இவ்வளவு பட்டி குப்பைக்குப் போகிறது.

32 டிகிரி வெயிலில் கலக்கிய பட்டி நான்கைந்து நிமிடம்தான் தாங்கும். தகரமே வெயிலில் காய்ந்து சுட்டுக்கொண்டிருந்தால் அதுகூட இல்லை. காரை நிழலுக்குக் கொண்டுபோய், தகரத்தைத் தொட்டால் சுடாத நிலையில் வேலை செய்யுங்கள். ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். டப்பாவைத் திறந்ததும் அடிவரை ஒருமுறை கிளறுங்கள். பிசின் மேலே மிதந்து மாவு அடியில் தங்கியிருக்கும். மேலாக அள்ளினால் பிசின்தான் வரும், அது காயாது. உங்கள் பிசுபிசுப்புக்கு ஹார்டனர் குறைவு ஒரு காரணம், இது இன்னொன்றாக இருக்கலாம்.

கலக்குவது தட்டையான பலகையில், கரண்டியால் அழுத்தி மடித்து மடித்து. முட்டை அடிப்பதுபோல் சுழற்றினால் காற்று புகுந்து, தேய்க்கும்போது ஊசிமுனைத் துளைகளாக வெளிப்படும். நிறம் எங்கும் ஒரே சீராக வரும்வரை கலக்குங்கள். கோடு கோடாகத் தெரிந்தால் ஓரிடத்தில் ஹார்டனர் அதிகம், ஓரிடத்தில் இல்லை என்று பொருள்.

சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரை அதிகமாகப் போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதிலுள்ள பெராக்சைடு எஞ்சி நின்று, பல வாரம் கழித்துப் பெயிண்டில் மஞ்சள் கறையாக மேலே வரும். வெள்ளை, வெள்ளி நிறக் கார்களில் நன்றாகத் தெரியும். பாலிஷ் போட்டால் போகாது. பட்டிவரை சுரண்டித்தான் ஆக வேண்டும்.

பூசும்போது முதலில் மெல்லிய பூச்சை அழுத்தித் தேய்த்துத் தகரத்தின் கீறல்களுக்குள் ஏற்றுங்கள். அதன் மேல்தான் கனம். பட்டி பிடிக்க வேண்டிய தகரத்தை 80 எண் தாளால் சொரசொரப்பாக்கியிருக்க வேண்டும். வழவழப்பான பழைய பெயிண்ட் மீது பூசிய பட்டி தகடு தகடாகக் கழன்றுவரும். எட்ச் பிரைமர் மேலும் பூசக் கூடாது. அதிலுள்ள அமிலம் பட்டி காய்வதைக் கெடுக்கும். எப்பாக்சி காய்ந்து, அதைத் தாளால் தேய்த்த பின் பூசலாம்.

காய்ந்ததும் 80 எண்ணில் வடிவம் எடுத்து, 120, 180, 240 என்று ஏறுங்கள். தாளை விரல்களால் பிடித்துத் தேய்க்காமல் நீளக் கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். விரல் அழுத்தம் பள்ளமாக மாறி, பளபளப்பு வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் போட்டுத் தேய்க்காதீர்கள். மேலே சொன்னதுதான், பட்டி ஈரம் குடிக்கும். குடித்த ஈரம் பிரைமருக்கடியில் மாட்டிக்கொண்டு, கார் வெயிலில் நிற்கும்போது கொப்புளமாகும். தண்ணீர்த் தாள் பிரைமருக்கு மேல்தான். மிச்சமிருக்கும் ஊசித் துளைகளுக்கு, ஹார்டனர் கலக்கும் மென்பட்டியைப் பூசுங்கள். ட்யூபில் வரும் ஒற்றைச் சாமான் சிவப்புப் பட்டியைக் கனமாகப் போட்டால் பல வாரம் சுருங்கிக்கொண்டே இருக்கும்.

மால் கார் பார்க்கில் யாரோ சாவியால் கோடு போட்டுவிட்டார்கள், மைவியின் இரண்டு கதவிலும். முழுக் கதவுக்கும் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்கிறார்கள். அவசியமா?
— வாசகி, பங்சார்

கோட்டின் ஆழத்தைப் பொறுத்தது. கோட்டைத் தண்ணீரால் நனையுங்கள். ஈரம் இருக்கும்வரை கோடு மறைந்தால் கிளியரில், அதாவது நிறத்துக்கு மேலுள்ள நிறமற்ற பூச்சில், மட்டுமே பட்டிருக்கிறது. பிறகு நகத்தைக் குறுக்கே இழுங்கள். நகம் மாட்டவில்லையென்றால் பெயிண்ட் தேவையில்லை. 2000, 3000 எண் தண்ணீர்த் தாளால் மெல்லத் தேய்த்து, காம்பவுண்ட் என்ற பாலிஷ் பசை போட்டால் போய்விடும். ஆனால் தொழிற்சாலைப் பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்தே 100 முதல் 180 மைக்ரான்தான், அதில் கிளியர் 40, 50. தலைமுடியின் கனமே சுமார் 70 மைக்ரான். கோடு முழுதாக மறையும்வரை தேய்ப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் கிளியரே போய்விடும். வெயிலில் அந்த இடம் முதலில் வெளிறும்.

நகம் மாட்டி, உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தால் பிரைமர்வரை போயிருக்கிறது. பளபளவென்று தெரிந்தால் தகரம். இந்த இரண்டுக்கும் பெயிண்ட் வேண்டும். மெட்டாலிக் நிறமென்றால் முழுக் கதவு என்று அவர்கள் சொல்வது சரிதான். கிளியரை நடுக்கதவில் நிறுத்தினால் அந்த விளிம்பு பிற்காலத்தில் உரியும். நிறத்தை மட்டும் கோட்டைச் சுற்றி அடித்துக் கரைத்துவிட்டு, கிளியரைக் கதவு முழுக்க அடிப்பதே முறை.

நீங்கள் கவனிக்க வேண்டியது அதற்கு முந்திய வேலையை. உப்புத்தாளைத் தொடுவதற்கு முன் மெழுகு நீக்கும் திரவத்தால் துடைக்க வேண்டும். ஒரு துணி நனைத்துத் துடைக்க, இன்னொரு உலர்ந்த துணி காய்வதற்குள் ஒற்றி எடுக்க. துடைக்காமல் தேய்த்தால் மெழுகும் டேஷ்போர்டு பாலிஷின் சிலிக்கோனும் கீறலுக்குள் ஏறிவிடும். பிறகு பெயிண்ட் அடிக்கும்போது மீன் கண் மாதிரி வட்ட வட்டமாக விலகி நிற்கும். கார் கழுவும் கடைகளில் டயருக்கும் டேஷ்போர்டுக்கும் தாராளமாக அடிக்கும் பளபளப்புத் திரவம்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம்.

அடுத்தது விளிம்பைச் சரிவாக்குவது. 180இல் ஆரம்பித்து 240, 320. கிளியர், நிறம், பிரைமர், தகரம் ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு விரல் அகலப் பட்டையாக, வரைபடக் கோடுகள்போல் வரிசையாகத் தெரிய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினால் படி தட்டக் கூடாது. கீறல் பள்ளத்தை மட்டும் பட்டியால் நிரப்பிவிட்டு விளிம்பை அப்படியே விட்டால், பெயிண்டின் தின்னர் அந்த விளிம்புக்குள் ஊறி, காய்ந்த பிறகு பழைய கோடு நிழலாக எழுந்து நிற்கும். பட்டறையில் காரை விடும்போது, பிரைமர் அடிப்பதற்கு முன் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அந்த நிலையில் தடவிப் பார்க்காவிட்டால் அப்புறம் எதையும் பார்க்க முடியாது.

முன்னால் பக்கத்து சீட்டுக்கடியில் கார்ப்பெட் எப்போதும் ஈரம். தூக்கிப் பார்த்தால் தரையில் துரு, ஓரிடத்தில் ரோடே தெரிகிறது. கண்ணாடி ரப்பர் மாற்றியும் பயனில்லை.
— வாசகர், கெப்போங்

மழைத் தண்ணீர் என்று முடிவு கட்டுமுன் ஏர்கானைப் பாருங்கள். அதன் குளிர்ப் பெட்டி டேஷ்போர்டின் இடப்பக்கம், அந்த சீட்டுக்கு நேர் மேலே இருக்கிறது. அதில் சொட்டும் தண்ணீர் ஒரு ரப்பர் குழாய் வழியாக எஞ்சின் பக்கம் வெளியேற வேண்டும். நிறுத்திய காருக்கடியில் தண்ணீர் சொட்டுவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அரைமணி நேரம் ஏர்கான் ஓடியும் சொட்டவில்லையென்றால் குழாய் அடைத்திருக்கிறது. தண்ணீரெல்லாம் உள்ளே இறங்குகிறது. குழாயைக் கழற்றி அழுக்கை எடுத்தால் போதும். வருடம் முழுக்க ஏர்கான் போடும் ஊரில் இந்த ஒரு குழாய் அழித்த தரைகளுக்குக் கணக்கில்லை.

அதைச் சரிசெய்யாமல் ஓட்டையை அடைக்காதீர்கள். சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டை முழுவதும் வெளியே எடுத்துக் காய வையுங்கள். அடிப்பஞ்சு காய நாலைந்து நாள் வெயில் வேண்டும். தகரத்தில் ஒட்டிய தார் அட்டையையும் துரு கண்ட இடத்தில் பெயர்த்தெடுங்கள், அதனடியில்தான் துரு ஒளிந்திருக்கும். தரைக்குக் கீழே பிரேக் குழாயும் பெட்ரோல் குழாயும் ஓடுவதால் வெல்டிங்கைப் பட்டறைக்காரரிடம் விடுங்கள். சீட் போல்ட் இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓட்டையென்றால் முதலில் அதைச் சொல்லுங்கள். மேலும் கீழும் எப்பாக்சி, ஓரங்களுக்குச் சீலர், கீழ்ப்பக்கம் அண்டர்கோட். பெயிண்ட் நிறம் பொருந்துகிறதா என்று பார்க்கவே வேண்டாம், கார்ப்பெட் மூடிவிடும்.

வீரா காரின் பூட்டில் (பின்பெட்டி மூடியில்) ஸ்பாய்லரைக் கழற்றிவிட்டேன். போல்ட் ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன. அதற்கும் வெல்டிங்கா?
— வாசகர், பட்டர்வொர்த்

துரு இல்லாத சுத்தமான ஓட்டைக்கு வெல்டிங் நல்ல வழி. பின்னால் செம்புத் தகட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் இரும்பு செம்பில் ஒட்டாது, ஓட்டை நிரம்பிவிடும். வெல்டிங் வேண்டாமென்றால், உள்பக்கம் ஓட்டையைச் சுற்றி 25 மில்லிமீட்டர் பளிச்சென்று சுரண்டி, இரும்புத் தகட்டு வட்டம் ஒன்றைப் பேனல் பாண்ட் பசையால் ஒட்டுங்கள். பிறகு மேலே ஓட்டை விளிம்பை லேசாக உள்ளே தட்டிப் பள்ளமாக்கி, பட்டி பூசுங்கள். பூட் மூடியில் இது நன்றாகவே நிற்கும். பின்பக்கம் மூடாமல் மேலிருந்து பட்டியைத் திணித்தால், நாலு தடவை பூட்டை அறைந்து சாத்தியதும் குமிழாகக் கழன்று விழும்.

ஜெலுத்தோங்கில் கடலோரம் வீடு. தகரத்தைச் சுரண்டி வைத்துவிட்டு மறுநாள் பிரைமர் அடிக்கலாம் என்று பார்த்தால் காலையில் மஞ்சள் பூத்திருக்கிறது. ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவிவிட்டு அடிக்கலாமா?
— வாசகர், பினாங்கு

வெற்றுத் தகரத்தை ராத்திரி விடவே கூடாது. உப்புக் காற்றுக்கு ஒரு ராத்திரி தாராளம். விரல் வியர்வை பட்டால்கூடக் கைரேகை துருவாக எழும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு பிரைமர் அடித்து முடிக்க முடிகிற அளவுக்கு மட்டும் காலையில் சுரண்டுங்கள்.

மஞ்சள் பூத்த தகரத்தை மறுபடி 80, 120 எண் தாளால் தேய்த்துத் துடைத்துவிட்டு அடித்தால் போதும், கன்வெர்ட்டர் என்ற துரு மாற்றும் திரவம் தேவையில்லை. அது தேய்த்தும் எடுக்க முடியாத, குழிக்குள் ஒட்டிய மெல்லிய துருவுக்குத்தான். செதில் செதிலான துருவில் தடவினால் மேல்தோல் மட்டும் கறுப்பாகும், அடியில் துரு அப்படியே இருக்கும். பாஸ்பாரிக் அமில வகையாக இருந்தால் டப்பாவில் சொன்னபடி கழுவிக் காய வைத்த பின்பே பிரைமர். அமிலம் மிச்சமிருந்தால் எப்பாக்சி பிடிக்காது. கடல் காற்றில் காரின் மேல் உப்பு படியும் இடம் உங்களுடையது. காரைச் சுரண்டுவதற்கு முன்னால் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டே ஆரம்பியுங்கள்.

பின் பம்பர் ஓரத்தில் வெடிப்பு. வீட்டில் மிச்சமிருந்த பட்டியைப் பூசினேன், ஒரு வாரத்தில் உரிந்துவிட்டது.
— வாசகி, ஸ்தாப்பாக்

பம்பர் வளையும், கார்ப் பட்டி வளையாது. பம்பரின் உள்பக்கம் பாருங்கள், பிபி என்றோ பிபி–இபிடிஎம் என்றோ எழுத்து பொறித்திருக்கும். பாலிபுரொப்பிலீன் என்று பொருள். அதில் சாதாரணமாக எதுவுமே ஒட்டாது. வெடிப்பின் நுனியில் 3 மில்லிமீட்டர் துளை போடுங்கள், இல்லாவிட்டால் மேலும் ஓடும். சோப்புத் தண்ணீரில் கழுவி, பின்பக்கமிருந்து வி வடிவப் பள்ளம் எடுத்து, அதே பிபி கம்பியால் பிளாஸ்டிக் வெல்டிங். அதன் மேல் துருப்பிடிக்காத எஃகு வலையைச் சூடான சோல்டரிங் இரும்பால் உள்ளே அமுக்குங்கள். முன்பக்கம் பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் வளையும் பட்டி. பட்டிக்கு முன்னும் பிரைமருக்கு முன்னும் அட்ஹீஷன் புரமோட்டர் என்ற, ஒட்டவைக்கும் திரவம் ஒரு மெல்லிய பூச்சு; வெற்றுப் பிளாஸ்டிக் தெரியும் இடமெல்லாம் அது பட வேண்டும். தேய்க்கும்போது பிளாஸ்டிக் பஞ்சு பஞ்சாக எழுந்தால் தாள் சூடாகிறது என்று பொருள், கையை மெதுவாக்குங்கள்.

வீட்டு போர்ச்சில் ஸ்ப்ரே டின்னில் பிரைமரும் கிளியரும் அடித்தேன். பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது.
— வாசகர், பத்து கேவ்ஸ்

மழை விட்டதும் அடித்திருப்பீர்கள். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். காற்றிலுள்ள ஈரம் அதன் மீது பனியாகப் படிந்து பெயிண்டில் சிக்கிக்கொள்ளும். இங்கே காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொடும், மதியத்தில்தான் இறங்கும். காலை பதினொன்றிலிருந்து பிற்பகல் இரண்டு வரை, வானம் கறுக்காத நாளில், நிழலில் அடியுங்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே பத்து நிமிடம். லேசான வெளுப்பு என்றால், காய்ந்த பிறகு மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரைப் பனிபோல் ஒரு தடவை அடித்தால் தெளியலாம். தெளியாவிட்டால் 800 எண் தண்ணீர்த் தாளால் தேய்த்து மறுபடி அடியுங்கள்.

பிரைமர் அடித்ததும் அதன் மேல் கறுப்பு ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து தூவல்போல் அடித்துவிட்டு 400 எண் தாளால் கட்டை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கறுப்பு போகாமல் நிற்கும் இடமெல்லாம் பள்ளம். கறுப்பு போவதற்குள் தகரம் தெரிந்தால் அந்த இடம் மேடு. நிறம் அடிப்பதற்கு முன் 600, மெட்டாலிக் என்றால் 800.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஹார்டனர் கலக்கும் டூ–கே கிளியரையும், அடியில் குமிழை உடைத்து அடிக்கும் டூ–கே ஸ்ப்ரே டின்னையும் போர்ச்சில் துணி முகக்கவசத்தோடு அடிக்காதீர்கள். அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு முட்டும். வாசனை தெரிவதற்கு முன்பே நெஞ்சுக்குள் போய்விடுவதால், மூக்கை நம்பி எச்சரிக்கையாக இருக்கவும் முடியாது. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடியோடு பட்டறையில் அடிக்க வேண்டிய சாமான் அது. தகர வேலை, பட்டி, பிரைமர் தேய்ப்பு எல்லாம் வீட்டில் முடித்துவிட்டு, கடைசிப் பூச்சுக்கு மட்டும் பட்டறைக்குக் கொண்டுபோவது நல்ல ஏற்பாடு. தொடர் வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு: பறக்கும் பெயிண்ட் தூசு அடுத்த வீட்டுக் காரின் மேல்தான் போய் உட்காரும்.

பழைய கார் வாங்கப் போகிறேன். பட்டி வைத்து மறைத்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? வாங்கியதும் வெள்ளையைக் கறுப்பாக்கலாம் என்றும் எண்ணம்.
— வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

மெல்லிய காந்தத்தை ஒற்றைத் துணியில் சுற்றி, இடப்பக்கம் ஒட்டும் இடத்தில் வலப்பக்கமும் ஒட்டுகிறதா என்று பாருங்கள். சக்கர வளைவு, கதவின் கீழ் விளிம்பு, பூட்டுக்குள் ஸ்பேர் டயர் குழி, கதவுக்கடிப் படி ஆகிய நான்கும் முக்கியம். பம்பரில் ஒட்டாது, அது பிளாஸ்டிக். பெயிண்ட் கனம் அளக்கும் கருவி கிடைத்தால் இன்னும் தெளிவு. 100இலிருந்து 180 மைக்ரான் வரை தொழிற்சாலைப் பெயிண்ட். 300ஐத் தாண்டினால் மறுபடி அடித்தது. 1,000க்கு மேல் காட்டினால் அடியில் பட்டி. கதவில் கொஞ்சம் பட்டி இருப்பது பெரிய குறையில்லை, விலையைக் குறைத்துக் கேளுங்கள். கூரைத் தூணிலும் படியிலும் பட்டி இருந்தால் வேறு கார் பாருங்கள். கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடியும் சிறு துளைகள் உண்டு. அவற்றைப் பெயிண்டோ பட்டியோ அடைத்திருந்தால் கதவுக்குள் தண்ணீர் தேங்கியிருக்கும், குலுக்கிப் பார்த்தால் சத்தமே கேட்கும்.

நிறம் மாற்றினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவிலும் மாற்ற வேண்டும். பெயர் மாற்றத்துக்கு புஸ்பாகோம் போன்ற வாகனச் சோதனை மையத்துக்குப் போகும்போது பதிவும் காரும் வேறு வேறு நிறமாக இருந்தால் சிக்கல். வெள்ளையைக் கறுப்பாக்குவதாக இருந்தால் கதவு உள்விளிம்பு, பூட் ஓரம், எஞ்சின் மூடியின் அடி எல்லாவற்றையும் சேர்த்து விலை கேளுங்கள். அவற்றை விட்டுவிட்டுச் சொல்லும் விலை பாதி வேலைக்கான விலை. கறுப்பு, தகரத்தின் ஒவ்வொரு அலையையும் காட்டிக்கொடுக்கும் நிறம் என்பதால், வெள்ளையில் தப்பித்த பட்டி வேலையெல்லாம் அதில் தெரியவரும்.